வரைபடத்தின் வெற்றிடங்கள்

(பங்கேற்பு வரைபட ஆய்வில் தரவு போதும் என்று முடிவு செய்வது குறித்து, ஆய்வு மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



களத்துக்குப் போகும் ஒவ்வோர் ஆய்வாளரையும் ஒரு கட்டத்தில் ஒரு கேள்வி மறித்து நிற்கும்: எத்தனை பேரிடம் பேசினால் போதும்? வழிகாட்டிப் பேராசிரியர் கேட்பார். நிதி தரும் நிறுவனம் கேட்கும். வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் தவறாமல் கேட்பார். புள்ளியியல் வழியில் ஆய்வு செய்கிறவருக்கு இதற்குச் சூத்திரம் இருக்கிறது. மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் ஊரையும் காட்டையும் கடலையும் அவர்கள் கையாலேயே வரையவைத்துப் பேசுகிற பங்கேற்பு வரைபட ஆய்வில் அப்படி ஒரு சூத்திரம் இல்லை. அதனாலேயே ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிக் கடந்துவிடும் பழக்கம் வேரூன்றிவிட்டது. அந்த எண் எங்கிருந்து வந்தது, வரைபடத்துக்கு அது பொருந்துமா, பொருந்தாது என்றால் வேறு எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் இந்த உரையின் பொருள்.

பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்களிடமிருந்து தொடங்கலாம். இறக்கும் நிலையிலிருக்கும் நோயாளிகளிடம் மருத்துவமனைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராய்ந்தவர்கள் அவர்கள். அந்த அனுபவத்தைக் கொண்டு 1967-ல் ஒரு நூல் எழுதினார்கள். ஒரு கருத்தைப் பற்றிப் புதிய தன்மை எதுவும் கிடைக்காத நிலை வரும்போது தேடலை நிறுத்தலாம் என்ற கொள்கையை அந்த நூல்தான் பரப்பியது. அதற்கு ‘நிறைவுநிலை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தக் கொள்கைக்கு இரண்டு பாதிகள் உண்டு. புதிதாக எதுவும் வராதபோது நிறுத்து என்பது ஒரு பாதி. இதுவரை கிடைத்ததில் எது குறைகிறதோ அதைப் பார்த்து அடுத்த ஆளைத் தேர்ந்தெடு என்பது மறுபாதி. ஆய்வேடுகளில் முதல் பாதி மட்டும் தங்கி, இரண்டாவது பாதி உதிர்ந்துபோனது.

அடுத்தது 2006. கிரெக் கெஸ்ட்டும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும் கானா நாட்டு அக்ராவிலும் நைஜீரியாவின் இபாதானிலும் எச்.ஐ.வி. தொற்று அபாயம் மிகுந்த 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களைப் பின்னோக்கிச் சோதித்தார்கள். கானாவின் 30 நேர்காணல்களிலிருந்து கிடைத்த, கருத்துகளைக் குறிக்கும் குறியீடுகள் மொத்தம் 109. அவற்றில் 80 முதல் 6 நேர்காணல்களிலேயே வந்திருந்தன. 12 முடிந்தபோது 100 வந்துவிட்டன. ‘பன்னிரண்டு பேர் போதும்’ என்ற வழக்கு இங்கேதான் பிறந்தது. ஒரே மாதிரியான வாழ்நிலையில் இருக்கும் பெண்கள், எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்ற நிபந்தனைகளை அந்தக் கட்டுரை தெளிவாகவே சொல்லியிருந்தது. மேற்கோள் காட்டியவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

2017-ல் மோனிக் ஹென்னிங்க் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். அமெரிக்காவில் எடுத்த 25 நேர்காணல்களை அலசி, பேசுபொருள்களின் பட்டியல் 9 நேர்காணல்களிலேயே ஏறத்தாழ முடிந்துவிடுகிறது என்று கண்டார்கள். ஆனால் அந்தப் பேசுபொருள்கள் ஒவ்வொன்றும் மக்களுக்கு என்ன பொருள்படுகிறது என்று புரிந்துகொள்ள 16 முதல் 24 வரை தேவைப்பட்டன. பட்டியல் நிறைவது வேறு, பொருள் நிறைவது வேறு என்பதே அவர்களுடைய முடிவு. அதற்கு ஓராண்டு முன்பு நார்வே மருத்துவ ஆய்வாளர் கிர்ஸ்டி மால்டெருட் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். ஆய்வின் நோக்கம் எவ்வளவு அகலம், பேசுகிறவர்கள் அந்த நோக்கத்துக்கு எவ்வளவு நெருக்கம், கோட்பாட்டுத் துணை உண்டா, உரையாடல் எவ்வளவு ஆழம், அலசும் முறை என்ன என்ற ஐந்தையும் எடைபோட்டுத்தான் எண்ணிக்கையை முடிவு செய்யவேண்டும் என்றார்.

இவை அனைத்தும் பேச்சைப் பற்றிய ஆராய்ச்சிகள். வரைபடம் பேச்சிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் விலகி நிற்கிறது. பேச்சில் விடுபட்டது கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தில் விடுபட்டது வெற்றிடமாக அப்படியே தெரியும். தெரிவதோடு நிற்காது; ‘இங்கே எதுவும் இல்லை, யாருக்கும் இது தேவையில்லை’ என்று அந்த வெற்றிடம் சாட்சி சொல்லும். அந்த இடத்தில் நாளை ஓர் அணையோ சுரங்கமோ குழாய்ப்பாதையோ வரும்போது, அதிகாரிகள் முதலில் விரல் வைப்பது அந்த வெற்றிடத்தின் மேல்தான்.

தமிழகக் கிராமங்களில் இந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் காட்சி நன்றாகத் தெரியும். கோயில் திடலிலோ சமுதாயக்கூடத்து வாசலிலோ தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார்கள். கோலமாவால் தெருக்கள் வரும். செங்கல் பொடியால் தார்ச்சாலை. வேப்பிலைக் கொத்து மரத்துக்கு, புளியங்கொட்டை வீட்டில் உள்ள ஆட்களின் எண்ணிக்கைக்கு. கோலமாவுக் கிண்ணத்தை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் சுயஉதவிக் குழுத் தலைவியாகவோ வார்டு உறுப்பினராகவோ இருப்பார். அவர் தம் தெருவிலிருந்து தொடங்குவார். கோயில், பள்ளிக்கூடம், மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, பால் சொசைட்டி எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்காரும். காலனிக்குப் போகும் பாதை ஒற்றைக் கோடாக நீண்டு, முப்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரு வட்டத்தில் முடியும். காலனியிலிருந்து வந்த பெண்மணி கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கிண்ணம் அவர் கைக்கு வருவதற்குள் கூட்டம் கலையத் தொடங்கிவிடும்.

மறுநாள் இன்னொரு குழு வரைகிறது. அதே கோயில், அதே தொட்டி, அதே வட்டம். மூன்றாம் நாளும் அப்படியே. புதிதாக ஒன்றும் வரவில்லை, நிறைவுநிலை எய்தியாயிற்று என்று ஆய்வாளர் குறித்துக்கொள்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தெருவின் அறிவு உண்மையிலேயே நிறைந்துவிட்டது. ஆனால் ஒரே கிணற்றில் பத்து வாளி மொண்டு பார்த்தால், அடுத்த தெருக் கிணற்று நீர் உப்பா நல்ல நீரா என்று தெரிந்துவிடாது. மூன்று நாளும் பேசியவர்கள் ஒரே தரப்பு. நிறைந்தது அந்தத் தரப்பு மட்டுமே. ஊர் இன்னும் நிறையவில்லை.

வரைபட ஆய்வில் தரவு போதுமா என்று பார்க்க இந்த உரை முன்வைக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு வெற்றிடமும் ஏன் வெற்றிடமாக இருக்கிறது என்று காரணம் சொல்ல முடிந்தால் தரவு போதும். சொல்ல முடியாவிட்டால், நூறு பேரிடம் பேசியிருந்தாலும் போதாது.

வெற்றிடத்துக்கு ஐந்து காரணங்கள் இருக்கலாம். அந்த இடத்தை உண்மையிலேயே யாரும் பயன்படுத்துவதில்லை. அல்லது அந்த இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அல்லது தெரிந்தவரை விட்டுவிட்டுத் தெரியாதவரிடம் கேட்டார்கள். அல்லது பொருந்தாத பருவத்தில் கேட்டார்கள். அல்லது தெரிந்தவர்கள் தெரிந்தே சொல்லாமல் விட்டார்கள். தாளில் இந்த ஐந்தும் ஒரே மாதிரிதான் வெள்ளையாகத் தெரியும். அவற்றைப் பிரித்தறிவதே ஆய்வாளரின் வேலை.

இந்தத் துறையின் பெரிய பாடம் கனடாவின் வடகோடியிலிருந்து வந்தது. 1973 ஜனவரியில் கால்டர் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பழங்குடி மக்களின் நிலவுரிமை குறித்த பேச்சுவார்த்தைக்குக் கதவைத் திறந்தது. அந்த நிலம் தங்களுடையது என்று இன்யூட் மக்கள் காட்டவேண்டியிருந்தது. பட்டா கிடையாது, வேலி கிடையாது, பனிவெளியில் உழவுத் தடமும் கிடையாது. மில்டன் ஃப்ரீமன் தலைமையில் நடந்த நிலப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளில் எங்கெங்கே கலைமான் வேட்டையாடினார்கள், எங்கே சீல் பிடித்தார்கள், எங்கே மீன் பிடித்தார்கள், எங்கே கூடாரம் அடித்தார்கள் என்று நில வரைபடத்தின் மேல் குறித்தார்கள். ஒவ்வொரு தாளும் ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு. 1976-ல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வந்தது.

இதில் கவனிக்கவேண்டியது, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முறை. ஒருவருடைய தாளில் வெறுமையாக இருந்த இடம் இன்னொருவர் தாளில் நிரம்பியிருக்கும். தாத்தா காலத்து வேட்டைத் தடம் பேரன் தாளில் இருக்காது. அதனால் ஃபர் வணிகம் வருவதற்கு முன், வணிகக் காலம், ஊர்களில் குடியேறிய பின் என்று காலத்தையும் பிரித்துக் குறித்தார்கள். உறைந்த கடலும் அவர்களுக்குக் குளிர்காலத்தில் நடமாடும் தரைதான். கோடையில் மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பரப்பு முழுவதும் வெறும் தண்ணீராகவே பதிவாகியிருக்கும். அந்த அறிக்கையின் அடித்தளத்தில் நடந்த நீண்ட பேச்சுவார்த்தை 1993-ல் நிலவுரிமை ஒப்பந்தமாகி, 1999 ஏப்ரல் 1 அன்று நூனாவுட் என்ற தனி ஆட்சிப்பகுதி பிறந்தது.

அந்த அறிக்கை வந்த காலத்தை ஒட்டி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடகிழக்கில் ஹியூ பிராடி என்ற மானிடவியலாளர் வேட்டைச் சமூகத்தினரோடு வரைபடங்கள் தயாரித்துக்கொண்டிருந்தார். 1981-ல் வந்த அவருடைய நூலில் ஒரு விசாரணைக் கூட்டம் வருகிறது. எரிவாயுக் குழாய்ப்பாதை பற்றி மக்கள் கருத்தைக் கேட்க அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். பெரியவர்கள் சிலர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்க்கிறார்கள். உள்ளே மேசையளவு பெரிதான ஒரு கனவு வரைபடம். பல ஆண்டுகள் மடித்தே கிடந்தது. அதன் மேல் ஆயிரக்கணக்கான சிறு வண்ணக் குறிகள். விலங்குகள் வரும் தடங்களும் மேலுலகத்துக்குப் போகும் வழியும் அவற்றில் இருந்தன. ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, வழி எளிதில் தெரியாத ஒருவர் இறந்தபோது அந்தத் துண்டை வெட்டி அவரோடு புதைத்தோம் என்று பதில் வந்தது. அந்த மூலையைச் சேதம் என்று எழுதிவைத்தால் தரவு இருக்கும், பொருள் இருக்காது. கேட்டவர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டதால்தான் காரணம் கிடைத்தது.

அதே மாகாணத்தில் கிட்க்ஸான், வெட்சுவெட்டன் மக்கள் தொடுத்த டெல்காமுக் வழக்கு 374 நாள் விசாரணையைக் கண்டது. அவர்கள் கோரிய நிலம் ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். முன்னோர் வரலாற்றைக் குடும்பப் பெரியவர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள், பாடினார்கள். 1991-ல் தீர்ப்பளித்த நீதிபதி அந்தச் சாட்சியங்களுக்கு உரிய மதிப்பைத் தரவில்லை. 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒதுக்கி, வாய்மொழி வரலாற்றை ஆவணச் சான்றுக்கு இணையாக வைத்து எடைபோடவேண்டும் என்றது. 2014-ல் சில்கோட்டின் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு கேள்விக்கு விடை சொன்னது. கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், தொடர்ந்து தீவிரமாகப் பயன்படுத்திய குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டுமே உரிமை உண்டு, இடைப்பட்ட நிலத்துக்கு இல்லை என்று கருதியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்து வாழும் மக்களுக்கு, அவர்கள் முறையாகப் பயன்படுத்திக் காத்துவந்த பரப்பு முழுவதும் உரியதுதான் என்று ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டருக்கு உரிமையை அறிவித்தது.

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம் வெற்றிடமே இல்லை என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன இடம் அது. வரைபட ஆய்வாளர்கள் அந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். புள்ளிகளை மட்டும் சேகரித்து எண்ணிவிட்டு வருகிற ஆய்வு, அந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் செய்த பிழையைத் தாளிலேயே செய்துவிடுகிறது. இரண்டு கூடாரங்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்கும்வரை தரவு முடிந்துவிடாது.

யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பற்றி ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் எழுதியது இன்றும் பழையதாகவில்லை. அவருக்கும் தமிழ் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வடஆற்காடு மாவட்டத்திலும், இலங்கையின் தென்கிழக்கிலும் பசுமைப் புரட்சி குறித்து நடத்திய ஆய்வில் அவர் பங்குபெற்றார். வெளியிலிருந்து வருகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கத் தவறுகிறார்கள் என்று 1983-ல் வெளிவந்த தம் நூலில் தொகுத்தார். தார்ச்சாலை ஓரத்து ஊர்களையே பார்க்கிறார்கள். திட்டம் நடக்கும் இடத்தையே பார்க்கிறார்கள். வசதியானவர்களையும் ஆண்களையுமே சந்திக்கிறார்கள். மழை ஓய்ந்து பாதை காய்ந்த பிறகே வருகிறார்கள். மனம் புண்படுமோ என்று சிலவற்றைக் கேட்காமல் விடுகிறார்கள். தத்தம் துறைக்குள் அடங்கியதை மட்டுமே கேட்கிறார்கள். நிறைவுநிலை என்று தவறாக நம்பவைக்கும் வழிகள் அத்தனையும் இந்தப் பட்டியலில் அடங்கிவிடுகின்றன. பங்கேற்பு முறைகளைப் பரப்பியபோது, வரையும் கோலை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிடு என்று அவர் வற்புறுத்தியதற்கு இதுவே பின்னணி. கோல் ஊருக்குள் யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பது அடுத்த கட்டம்.

டொமினிக்கன் குடியரசில் ஆய்வாளர் டயான் ரோஷலோவும் அவருடைய குழுவினரும் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே வைத்து வரைபடங்கள் தயாரித்தார்கள். நிலம் ஒன்றுதான். ஆனால் வீட்டுக் கொல்லையிலும் வயலோரத்திலும் பெண்கள் வளர்த்துப் பயன்கொள்ளும் மரங்களும் செடிகளும் பண்ணை உரிமையாளரான கணவரிடம் மட்டும் கேட்டால் கண்ணில் படாது என்று காட்டினார்கள்.

நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் 2009-ல் தொடங்கிய ‘மேப் கிபேரா’ முயற்சியும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. இணைய வரைபடங்களில் வெறுமையாகக் கிடந்த அந்தப் பகுதியை அங்கேயே வாழும் இளைஞர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து வரைந்தார்கள். குடிநீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி, தேவாலயம் எல்லாம் சில வாரங்களிலேயே ஏறிவிட்டன. பட்டியல் அளவில் அது நிறைவு. பிறகு இளம் பெண்களோடு உட்கார்ந்து, அச்சிட்ட வரைபடத்தின் மேல் ஒளிபுகும் தாளை விரித்து, எந்த வழியில் போக அச்சம் என்று கேட்டார்கள். அப்போது அதே சந்துகளுக்கு வேறு பொருள் வந்தது. கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது முதல் வரைபடத்துக்குத் தெரியும். இருட்டிய பிறகு அங்கே போகமுடியுமா என்பது இரண்டாவது வரைபடத்தில்தான் வந்தது. ஹென்னிங்க் பிரித்துக்காட்டிய இரண்டு நிறைவுகளும் கிபேராவின் சந்துகளில் கண்கூடாகத் தெரிகின்றன.

தெரிந்தே சொல்லாமல் விட்டதால் வரும் ஐந்தாவது வகை வெற்றிடம் தனி மரியாதைக்குரியது. மருந்துவேர் எடுக்கும் இடம், முன்னோரைப் புதைத்த இடம், சாமி இருக்கும் தோப்பு, மீன் அடையும் பார் ஆகியவற்றை வெளியே சொன்னால் ஆபத்து என்று மக்கள் நினைக்கலாம். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. வரைபடம் ஒருமுறை அச்சாகிவிட்டால் யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்லமுடியாது. அங்கே மேலும் மேலும் கேட்டு நிரப்புவது ஆய்வுத் திறமை ஆகாது. ‘இந்தப் பகுதியைக் காட்டவேண்டாம் என்று ஊர் முடிவு செய்தது’ என்று, ஊர் சம்மதித்த அளவுக்கு எழுதிவிட்டால் அந்த வெற்றிடத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தரவு அங்கே போதும். மக்களின் நேரமும் கூலிநாளும் விலையுள்ளவை. தேவைக்கு மேல் கேட்பதும் தவறுதான்.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது? ஒவ்வோர் அமர்வு முடிந்ததும் அன்றிரவே மூன்று கணக்குகள் எழுதவேண்டும். இன்று புதிதாக எந்த இடம் வந்தது, ஏற்கெனவே வந்த இடத்துக்கு எந்தப் புதிய பொருள் வந்தது, முன்பு வந்த எதை இன்று வந்தவர்கள் மறுத்தார்கள். இந்தக் கணக்கை மொத்தமாக வைக்காமல் தரப்புவாரியாக வைக்கவேண்டும். ஆடு மேய்ப்பவர், விறகுக்குப் போகும் பெண்கள், நிலமில்லாத கூலிக்காரர், வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், முதியவர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பத்தி. ஒரு தரப்பில் அடுத்தடுத்த அமர்வுகளில் மூன்று கணக்கும் காலியாக இருந்தால் அந்தத் தரப்புக்கு நிறுத்தலாம். ஒரு பத்தி தொடங்கப்படாமலேயே இருந்தால், மற்ற பத்திகள் எவ்வளவு நிறைந்திருந்தாலும் ஊரைப் பற்றி முடிவு சொல்லக்கூடாது.

அதன்பின் வரைபடத்தை விரித்து வெற்றிடங்களுக்கு எண் போடவேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே, ஐந்து காரணங்களில் எது என்று எழுதவேண்டும். எழுத முடியாத எண்கள்தான் அடுத்த ஆளைத் தேர்ந்தெடுத்துத் தரும். கிளேசரும் ஸ்ட்ராஸும் சொன்ன, உதிர்ந்துபோன மறுபாதி அப்படித்தான் திரும்ப வந்து சேரும். முடிந்த இடங்களில் ஊர்க்காரர் ஒருவரோடு அந்த வெற்றிடத்துக்கே நடந்து போகவேண்டும். திடலில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வராத ஊற்றும் ஒற்றையடிப் பாதையும் காலடியில் நினைவுக்கு வரும். இன்னொரு பருவத்தில் ஒருமுறையாவது திரும்பிப் போய், வரைந்தவர்கள் முன்னாலேயே வரைபடத்தை விரித்துத் திருத்தம் கேட்கவேண்டும். திருத்தங்கள் கொட்டினால் தரவு போதவில்லை என்று பொருள்.

இந்தியாவில் இது ஏட்டுப் பேச்சாக நின்றுவிடுவதில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள், உரிமை கோருவதற்கு எவையெல்லாம் சான்றாகலாம் என்று பட்டியலிடுகின்றன. மேய்ச்சல் நிலம், கிழங்கும் பழமும் எடுக்கும் இடம், மீன்பிடிக்கும் நீர்நிலை, ஆடுமாட்டுக்கும் ஆளுக்கும் தண்ணீர் எடுக்கும் இடம், மூலிகை எடுக்கும் பகுதி, கோயில் காடு, இடுகாடு எல்லாம் அதில் வருகின்றன. கோரிக்கை வைத்தவர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கிராம சபையும் மேலேயுள்ள குழுக்களும் பார்க்கவேண்டும் என்றும் விதி இருக்கிறது. எத்தனை பேர் சொன்னார்கள் என்று சட்டம் கேட்கவில்லை. வெவ்வேறு வகைச் சான்றுகள் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று கேட்கிறது. காட்டில் எந்தப் பக்கம் மூலிகை எடுக்கிறார்கள் என்பது கிராம சபை வரைபடத்தில் விடுபட்டால், கோட்ட அளவிலான குழுவின் மேசையில் அந்தப் பக்கத்துக்காக வாதாட எதுவும் இருக்காது.

எனவே இந்த அவையில் இருக்கும் பேராசிரியர்களிடமும் நிதிக்குழு உறுப்பினர்களிடமும் மூன்று கோரிக்கைகள். வாய்மொழித் தேர்வில் ‘எத்தனை பேர்’ என்று கேட்பதோடு, வரைபடத்தில் ஒரு வெற்றிடத்தைக் காட்டி ‘இது ஏன்’ என்றும் கேளுங்கள். ஆய்வேட்டில் நிறைவுநிலை என்ற சொல் வந்தால், எந்தத் தரப்பில், எந்தக் கேள்விக்கு, எந்தப் பருவத்தில் என்று எழுதவையுங்கள். திட்ட மதிப்பீட்டில் இரண்டாம் பருவப் பயணத்துக்கும், திருத்தம் சொல்ல வேலையை விட்டு வந்து உட்காருகிறவர்களின் ஒருநாள் கூலிக்கும் தனித்தனியாகத் தொகை ஒதுக்குங்கள்.